குரல்காரி கம்பெனி மாறிய கதை

ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. வங்கியில் "அடுத்த வாடிக்கையாளர் மூன்றாம் கவுன்ட்டருக்கு வரவும்" என்பது அவள்தான். ஆஸ்பத்திரி லிஃப்டில் "கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்" என்பதும் அவள்தான். அறிவிப்புகளைப் பேசிப் பதிவு செய்து கொடுப்பது அவள் தொழில். அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். வேலை நேரம் முழுக்கப் பிரேக்கின் மீது காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் எதற்கும் பதறாத மனிதர். அவர்தான் அவளுக்குக் குரல்காரி என்று பெயர் வைத்தார். பெயர் அக்கம்பக்கத்திலும் நிலைத்துவிட்டது.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு செல்போன் கம்பெனிக்காக ஒருநாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேசிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஜலதோஷம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அந்த மூக்கடைப்பைக் கம்பெனிக்காரர்கள் பரிவு என்று எடுத்துக்கொண்டு மிகவும் பாராட்டினார்கள். "நீங்கள் தொடர்புகொள்ள விரும்பும் வாடிக்கையாளர் தற்சமயம் தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்" என்று அவள் மூக்கடைத்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்பெனியின் டவர்களைப் பற்றி அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அவளும் அந்தக் கம்பெனியின் சிம் கார்டைத்தான் வைத்திருந்தாள். புது வீட்டுக்குக் குடிவரும்வரை அதில் ஒரு குறையும் இல்லை. புது வீட்டில் சிக்னல் வரும் ஒரே இடம் குளியலறை ஜன்னல் விளிம்பு. போனை அங்கே வைத்தால் சோப்புக்கு இடமில்லை. சோப்பை வைத்தால் உலகத்தோடு தொடர்பில்லை. அவர்கள் சோப்பைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அப்பா அவர்களோடு வந்து சேர்ந்தார்.

அப்பா ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். அவருக்கு ஞாபகம் போய்விட்டது, கால்கள் போகவில்லை. ஞாபகம் இல்லாதவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார், கால்கள் உள்ளவர் வெளியே போய்த் திரும்பி வருவார். இவர் வெளியே போவார். காலையில் கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும், கையை வீசிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாப்பிள்ளையைச் சில நாள் எதிர் அணியின் கோச் என்றும், சில நாள் தண்ணீர் கேன் போடுபவர் என்றும் நினைத்துக்கொள்வார். எல்லாம் அழிந்துபோன அந்த மண்டைக்குள் மகளுடைய போன் நம்பர் மட்டும் அழியாமல் நின்றது. அவள் முதன்முதலில் போன் வாங்கிய நாளில் அதை அவர் நின்ற இடத்திலேயே லெஃப்ட் ரைட் போட்டு மனப்பாடம் செய்திருந்தார். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், கால் மாற்றிக் கால் மாற்றி ஒரு இலக்கம் பிசகாமல் சொல்வார்.

ஒருநாள் டயர் கடைக்காரர் ஒருவர் அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார்.

"உங்க நம்பரை இவருதாங்க சொன்னாரு. அடிச்சேன். நீங்களும் எடுத்தீங்க. ஆனா எல்லைக்கு அப்பால் இருக்கேன்னு சொல்லிட்டீங்க."

"அது நான் இல்லைங்க."

"இதே குரல்தாங்க. இப்ப பேசறீங்களே, இதேதான்."

அப்பாவுக்குக் கோபம். "எடுக்கறா, பேசறா. ஆனா பிடிவாதமா இல்லைங்கறா. என்னன்னு கேட்டா மறுபடி அதையே சொல்றா. நான் இவளை இப்படி வளக்கல."

அப்பாவின் பையில் இருந்த சலவைச் சீட்டில் மிஞ்சிய பாதித் தெருப்பெயரை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வீட்டைக் கண்டுபிடித்திருந்தார் டயர் கடைக்காரர். அவரை அனுப்பிவிட்டு வந்து கணவர் சொன்னார்: "கம்பெனியை மாத்திடு. எதிர் பில்டிங் மேலயே இன்னொரு கம்பெனி டவர் நிக்குது. நம்பரை மாத்தாமலே மாறிக்கலாமாம். பழைய கம்பெனி ஒரு ரிலீஸ் கோடு குடுக்கணும். அதைக் கொண்டுபோய்ப் புதுக் கம்பெனில குடுத்தா முடிஞ்சுது."

புது நம்பர் என்றால் வேலை சுலபம்தான். அதையும் முயன்று பார்த்தார்கள். ஒரு சீட்டில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைத்தார்கள். அவர் அதைச் சுருட்டிக் காது குடைந்தார்.

ஆகவே அவள் குளியலறை ஜன்னலருகே முக்காலி போட்டு ஏறி நின்று, கம்பெனியைக் கூப்பிட்டாள். எடுத்தது அவளே.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்றாள் போனுக்குள் இருந்தவள். புதுத் திட்டங்களுக்கு ஒன்று, அதைவிடப் புதிய திட்டங்களுக்கு இரண்டு, கம்பெனியைப் பாராட்ட மூன்று. விலகுவதற்கு எண் இல்லை. ஒன்பதை அழுத்தினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் என்பது பேசியவளுக்கே தெரியும், ஆனாலும் அழுத்தினாள். கடைசியில் ஏதோ ஒரு மூலையில் "விலகும் எண்ணம் கொண்டவர்கள்" என்ற வாசல் திறந்தது.

"உங்கள் பாதுகாப்புக்காக உங்கள் குரலைச் சரிபார்க்கிறோம். பீப் ஒலிக்குப் பிறகு, 'நான்தான் நான்' என்று சொல்லவும்."

"நான்தான் நான்" என்றாள்.

"மன்னிக்கவும். இது பதிவுசெய்யப்பட்ட குரல். தயவுசெய்து ஒரு மனிதரைப் பேசச் சொல்லவும்" என்றது அவள் குரல்.

அவள் குரலைக் கரகரப்பாக்கிச் சொல்லிப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். மூக்கைப் பிடித்ததும் இயந்திரத்துக்குச் சந்தேகம் முற்றிலும் தீர்ந்து, இணைப்பைத் துண்டித்துவிட்டது.

மறுநாள் கம்பெனியின் கிளைக்கு நேரில் போனாள். ஏசி போட்ட பெரிய கூடம். காத்திருப்பவர்கள் டோக்கனை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பித்தளை மணி தொங்கியது. விலக வந்த ஒரு வாடிக்கையாளர் மனம் மாறி இருந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டால் அந்த மணி அடிக்கப்படும். ஊழியர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். மனம் மாறியவர் கைதட்டலுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு வெளியே போவார்.

வாசலில் இருந்த காவலாளியிடம் அவள், "விலகறதுக்கு யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். கூடத்தில் பலர் திடுக்கிட்டு, காதில் இல்லாத போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள்.

அவளை உறவுப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு அனுப்பினார்கள். அறையில் புதைந்துபோகும் சோபா, மெல்லிய காகிதக் கைக்குட்டைப் பெட்டி, சுவரில் சூரியன் மறையும் படம். அதிகாரி கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர். அவள் வாயைத் திறந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், நீங்களா? காலைல ஆபீசுக்கு வந்தா உங்க குரல்லதான் எங்களுக்கு விடியுது. என் மனைவி பேச்சைவிட உங்க பேச்சைத்தான் நான் அதிகம் கேக்கறேன்."

"எனக்கு ரிலீஸ் கோடு வேணுங்க. வீட்ல சிக்னல் இல்ல."

அதிகாரி உட்கார்ந்தார். கைகளைக் கோத்துக்கொண்டார். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நாங்க யாரையும் கட்டிப்போடறதில்ல. போறவங்க தாராளமாப் போகலாம், அதுக்கு வழி இருக்கு. அந்த வழி எங்க இருக்குன்னு எனக்கே ப்ரமோஷன் வந்தப்பதான் சொன்னாங்க. சிக்னல் இல்லைங்கறீங்க. யாருக்குத்தான் இருக்கு? என் வீட்லயே இல்ல. நான் வீட்ல வேற கம்பெனி போன்தான் வெச்சிருக்கேன். ஆனா அதுக்காக நான் இந்தக் கம்பெனியை விட்டுட்டேனா? தினம் காலைல வர்றேன்ல. உறவுங்கறது அதுதான் மேடம்."

"எங்கப்பாவுக்கு ஞாபகம் இல்லைங்க. வழி தவறிப் போனா இந்த நம்பர் ஒண்ணுதான் சொல்லத் தெரியும். அது அடிக்கணும். அவ்வளவுதான்."

"அடிக்காட்டி என்ன மேடம், நீங்கதான பேசறீங்க? இந்த ஊர்ல எத்தனை பேருக்கு அந்தக் குடுப்பினை இருக்கு? யாரும் அப்பா போனை எடுக்கறதே இல்ல. நீங்க எடுக்காமயே பேசறீங்க."

அதிகாரி தொடர்ந்தார். அவளைச் சாதாரணத் திட்டத்திலிருந்து மாணிக்க உறவுத் திட்டத்துக்கு உயர்த்த முடியும் என்றும், மாணிக்க உறவினர்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டு என்றும் விளக்கினார். அவள், மேலே சொல்லட்டும் என்பதற்காக, "சரி, அப்புறம்?" என்றாள்.

'சரி' என்ற சொல் விழுந்ததுமே அதிகாரி மேசைக்கு அடியில் எதையோ அழுத்தினார். வெளியே மணி அடித்தது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

"நான் சம்மதிக்கலைங்க."

"பதிவாயிடுச்சே மேடம். உங்க குரல்லயே பதிவாயிருக்கு."

"என் குரலைத்தான் உங்க மெஷின் நம்பமாட்டேங்குதே."

"போறதுக்குத்தான் நம்பாது. இருக்கறதுக்கு நம்பும்."

மனிதக் குரல்தான் என்று சான்று கொண்டுவந்தால் யோசிக்கலாம் என்றார்கள். அவள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனாள். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "இதுல எனக்கு என்ன சந்தேகம் வரணும்?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, 'இவருடைய தொண்டை மனிதத் தொண்டை, லேசான சிவப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மிட்டாய் மாத்திரையும் கொடுத்தார். கம்பெனி அதை வாங்கிப் படித்தது. தொண்டை மனிதத் தொண்டை என்பதை ஏற்பதாகவும், ஆனால் கேள்வி தொண்டையைப் பற்றியதல்ல, குரலைப் பற்றியது என்றும் சொல்லி, அவளை மாடியில் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவைத்தது.

சட்டப் பிரிவின் தலைவி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"எங்க கணக்குல உங்க குரல் கம்பெனி சொத்து. நாற்காலி, மேசை, ஜெனரேட்டர். அதுக்கு அடுத்தது நீங்க."

"நான் இல்லைங்க, என் குரல்."

"ஆமா. நீங்க அது வந்த டப்பா. டப்பா தாராளமாப் போகலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா போறேன்னு சொல்றது குரல் இல்லையா? நாளைக்கு இந்த ஜெனரேட்டர் எழுந்து நின்னு, நான் வேற கம்பெனிக்குப் போறேன்னு சொன்னா நான் என்ன செய்யணும்? அனுப்பிடணுமா?"

"எழுதித் தர்றேன்."

"தாங்க. எழுதினது நீங்கதானான்னு குரலை வெச்சுச் சரிபார்த்துட்டுச் சொல்றோம்."

அவள் வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "டப்பான்னா சொன்னா?" என்று மட்டும் கேட்டார். அன்று அவரும் கொஞ்சம் வேகமாகத்தான் சாப்பிட்டார்.

அப்பா மறுபடி காணாமல் போனது அதற்கடுத்த வாரம். பால் வாங்கத் திறந்த கதவு வழியாகப் போய்விட்டார். அவள் குளியலறையில் போனோடு நின்றாள். அது அடிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. முந்தைய நாள்தான் அவர் தண்ணீர் குடிக்க மறந்து மயங்கி விழுந்திருந்தார். அங்கிருந்தே கணவரைக் கூப்பிட்டாள். அவர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த காரோடு அப்படியே வந்துவிட்டார். அவசரத்தில் போனைச் சமையலறை மேடையில் போட்டுவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள். ஓட்டியவர், கார் கற்றுக்கொள்ள வந்த ஒரு பல் டாக்டர். ஊர் முழுக்கத் தேடுவதைப் பல் டாக்டர் முதல் கியரிலேயே செய்தார். ஒவ்வொரு முனையிலும் கார் நின்றுபோனது. நின்ற இடத்திலெல்லாம் அவள் இறங்கி ஓடி, கடை கடையாகக் கேட்டாள். அப்படி ஒரு முனையில் மருந்துக் கடைக்காரர் தலையாட்டினார்.

"ஒருத்தர் வந்தாரு. லெஃப்ட் ரைட் போட்டுக்கிட்டே நம்பர் சொன்னாரு. என் போன்ல அடிச்சுக் குடுத்தேன். ரொம்ப நேரம் நின்னு கேட்டாரு. கேட்டுட்டு, 'பொண்ணு வரச்சொல்றா'ன்னு கிளம்பிட்டாரு."

"எங்க வரச்சொன்னேன்?"

கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நம்பரை மறுபடி அடித்து அவள் காதில் வைத்தார். மாணிக்க உறவின் தனிக் கவனிப்பு என்னவென்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எல்லைக்கு அப்பால் உள்ளார் என்பதோடு இப்போது செய்தி முடியவில்லை. "தங்களை நேரில் சந்திக்க எங்கள் கிளையில் ஆவலுடன் காத்திருக்கிறோம். உடனே வாருங்கள்" என்று மூக்கடைத்த பரிவோடு அவளே அழைத்துக்கொண்டிருந்தாள்.

கிளை அடுத்த தெருவில்தான், அதன் பலகை கடை வாசலிலிருந்தே தெரிந்தது. அவள் நடந்தே போனாள், கார் பின்னால் வந்தது.

கூடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. டோக்கன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் உயர வாரியாக, ஒரு கை இடைவெளி விட்டு, வரிசையில் நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆனால் கூடம் இத்தனை ஒழுங்காக இருந்து பார்த்ததில்லை என்றார் காவலாளி.

"ஒருத்தர் வந்தாரும்மா. வந்ததும் எல்லாரையும் நிறுத்திட்டாரு. இப்ப உறவு சார் ரூம்ல இருக்காரு. காலைலேருந்து."

"தண்ணி குடுத்தீங்களா?"

"உறவு சாருக்கா?"

அறைக் கதவைத் திறந்தாள். அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் காலிப் பழச்சாறு டம்ளர். எதிரே அதிகாரி கழுத்துப்பட்டையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். காகிதக் கைக்குட்டைப் பெட்டி அவர் பக்கமாக நகர்ந்திருந்தது.

"அதனால, சார்," என்று அவர் தழுதழுத்த குரலில் முடித்துக்கொண்டிருந்தார், "எங்க கம்பெனி உங்க குடும்பம் மாதிரி. இருந்துடறீங்களா?"

"சரி" என்றார் அப்பா.

மணி அடித்தது. வெளியே கைதட்டல் கேட்டது, ஆனால் மிகவும் சோர்வாக. அப்பா அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு அதிகாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரு?"

அதிகாரி கண்களை மூடிக்கொண்டார்.

"என் பொண்ணு உள்ள இருக்கா" என்றார் அப்பா. "போன்ல பேசினா. வெளிய விடுங்க. நேரமாச்சு."

வாடிக்கையாளர் சொல்லும் காரணங்கள் அத்தனைக்கும் அதிகாரியிடம் பதில் இருந்தது. கோபப்படுபவருக்கு ஒன்று, அழுபவருக்கு ஒன்று, வக்கீலோடு வருபவருக்கு ஒன்று. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, ஒப்புக்கொண்டு, உடனே மறந்துவிடுபவருக்கு மட்டும் பயிற்சியில் ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவளைப் பார்த்ததும் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்ததுபோல எழுந்தார்.

"மேடம், உங்க அப்பாங்களா? கூட்டிட்டுப் போயிடுங்க மேடம். காலைலேருந்து மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒரே ஆளை இத்தனை தடவை எப்படி மனசு மாத்தினேன்னு ஹெட் ஆபீஸ்லேருந்து பாராட்டி மெயில் வேற வந்துடுச்சு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. முகத்தில் பழைய கம்பீரம்கூட இருந்தது. கூட்டிக்கொண்டு கிளம்பத்தான் கையை நீட்டினாள்.

அப்பா அவளைக் கண்டுகொண்டார். "வந்துட்டியா? விட்டுட்டாங்களா?"

நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். சோபாவில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் விடலப்பா. இவரு ஒரு கோடு குடுத்தாத்தான் விடுவாங்க."

"அப்படியா?" அப்பா அதிகாரியின் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, என்ன பிரச்சினை? முதல்லேருந்து சொல்லுங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அதிகாரி அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவரில் மறைந்துகொண்டிருந்த சூரியனைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரை இழுத்துத் தட்ட ஆரம்பித்தார். வாடிக்கையாளர் விலகுவதற்கான காரணத்தை அது கேட்டது. 'அதிகாரியின் உடல்நலம்' என்று அடித்தார். குரல் சரிபார்ப்பு வந்தது. மைக்கைத் தன் வாயருகே வைத்து, "நான்தான் நான்" என்று அவரே சொன்னார். இயந்திரம் உடனே நம்பியது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் எந்தக் குரலையும் அது நம்பும்.

ரிலீஸ் கோடு வந்தது. ஒரு சின்னக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

"மாடில கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள்.

"டப்பா போயிடுச்சு, குரல் இங்கதான் இருக்குன்னு சொல்றேன் மேடம். அது உண்மைதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், அந்தப் புதுக் கம்பெனி என் வீட்லயும் நல்லா எடுக்குது. நல்ல முடிவு."

அப்பா வெளியே வந்து கூடத்தில் நின்ற வரிசையைப் பார்த்தார். "கலைந்து செல்" என்றார். எல்லோரும் நன்றியோடு உட்கார்ந்தார்கள்.

புதுக் கம்பெனியில் சேர்வதற்கு ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. உள்ளே வருபவர்களிடம் எந்தக் கம்பெனியும் குரல் கேட்பதில்லை. இரண்டு நாள் எந்தக் கம்பெனியிலும் இல்லாமல் போன் செத்துக் கிடந்தது. அந்த இரண்டு நாளும் கணவர் வேலைக்குப் போகாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிரேக்கின் மீது கால் வைத்திருப்பதுபோல அப்பாவைக் கவனித்துக்கொண்டார். மூன்றாம் நாள் சமையலறையிலும் சிக்னல் வந்தது, கட்டிலுக்கு அடியிலும் வந்தது.

அப்பாவும் தாமதிக்கவில்லை. அந்த வாரமே ஒருநாள் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. யாரோ சலூன்காரர்.

"இங்க ஒரு பெரியவர் வந்து உக்காந்திருக்காரும்மா. கட்டிங்கா ஷேவிங்கான்னு கேட்டா நம்பர் சொல்றாரு."

"எங்கப்பாதாங்க. அவர்கிட்ட குடுங்க."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சுச் சத்தம்.

"அப்பா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அப்பா, நான்தான் பேசறேன்."

"தெரியுது. மேல சொல்லு."

"என்னத்தைப்பா சொல்ல?"

"எதை அழுத்தணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அரிவாள்மணையை ஓரமாக நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"எதையும் அழுத்த வேண்டாம்ப்பா. அங்கேயே இருங்க. நான் வர்றேன்."

அந்தப் பக்கம் அவர் நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு, போனைச் சலூன்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.